காந்தம் படாத கல்

ஹம்முவை நினைத்தாலே எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும். வறட்சியில் ஆடுகள் மொத்தமும் செத்த பிறகு, மொராக்கோவில் ஸகோரா ஊருக்குத் தெற்கே பாலைவனத்தில் வானத்திலிருந்து விழும் வானத்துக்கல்லை இருபது வருடம் தேடி அலைந்தவன். கறுப்பாக எதைக் கண்டாலும் நுனியில் காந்தம் கட்டிய கோலை நீட்டுவான். ஒட்டினால் வானத்துக்கல், ஒட்டாவிட்டால் வெறுங்கல். இங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாக்டர் கௌதர் அதைத்தான் வேண்டாம் என்றாள்.

"மாமா, சில கல்லு பூமிக்கே மூத்தது. சூரியன் பொறந்தப்போ அதைச் சுத்தின தூசியில காந்த இழுவை எவ்வளவு இருந்துச்சுன்னு உள்ளே பதிஞ்சு கிடக்கு. உங்க காந்தம் பட்டா அது அழிஞ்சிடும். படாத கல் ஒண்ணு கொண்டாங்க, எங்க குழுவுக்கு நீங்கதான் நிரந்தர வழிகாட்டி."

முட்டி தேய்ந்தவனுக்கு அது கடைசி வாய்ப்பு. இல்லையென்றால் காசாபிளாங்காவில் மைத்துனன் வீட்டு மாடியறையில் போய் ஒண்ட வேண்டும்.

நோன்பு முடிந்த வாரம், ஒரு சாயங்காலம், நெருப்புக் கோளம் ஒன்று ஊரே அதிரச் சரிந்து விழுந்தது. ஹம்மு கிளம்பினான். பத்தாம் நாள் என் தேநீர்க் கடைக்கு வந்து துணி முடிச்சை அவிழ்த்தான். கைப்பிடி அளவுக் கறுப்புக் கல். உடைந்த பக்கத்தில் கூஸ்கூஸ் ரவை போலப் பொடி உருண்டைகள்.

"அடேய், கிடைச்சிடுச்சா!" என்று கத்தினேன்.

"பட்டுடுச்சுடா."

"என்னது?"

"காந்தம். கல்லைப் பார்த்த சந்தோஷத்துல கை தானா கோலை நீட்டிருச்சு. டக்குனு ஒட்டின சத்தம் கேட்டப்புறம்தான் புத்தி வந்துச்சு."

"வாயை மூடிக்கிட்டுக் குடுத்துடு. அவளுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"கல்லே சொல்லிடும்டா."

மறுநாள் டாக்டர் வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே அந்த மடையன் சொல்லிவிட்டான். அவள் கல்லை வெயிலில் திருப்பி, ஓர் உருண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது நெருப்புத் துளியா மிதந்து உறைஞ்சது மாமா. நானூத்தம்பது கோடி வருஷத்துக்கும் மேல. இதையெல்லாம் நாங்க இன்னும் படிக்கலாம். ஆனா நான் தேடின அந்தப் பழைய காந்த இழுவை..." அவள் கல்லைத் துணியில் திரும்ப வைத்தாள். "இப்போ இதுல இருக்கிறது உங்க காந்தம் மட்டும்தான்."

வழிகாட்டி வேலையைப் பற்றி அவள் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை காசாபிளாங்கா பஸ் வந்தது. அவன் மனைவி இத்தோ மூட்டைகளோடு முதலில் ஏறிவிட்டாள். ஹம்மு படியில் நின்று தன் வலது கையைப் பார்த்தான்.

"அத்தனை கோடி வருஷம் பத்திரமா இருந்துச்சுடா," என்றான். "என் கைக்கு வந்து ஒரு நிமிஷம்கூடத் தாங்கல."