சேர்ந்து வந்தால்தான் தெரியும்

கண்ணாடித் தகட்டில் ஊற்றிய கரைசலைக் கத்தியால் மெல்ல இழுத்துப் பரப்பும்போது சல்லடை அக்கா மூச்சு விடுவதில்லை. ஆய்வறையில் மற்றவர்களும் விடக்கூடாது. தும்மினால் தொலைந்தார்கள். கத்தி மறுமுனையைத் தொட்டதும், "ம்... இப்ப இருமிக்கோங்க" என்பார்.

காய்ந்தால் அது வெங்காயத்தோல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சவ்வு. ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்த கலவையிலிருந்து தண்ணீரை மட்டும் அது வெளியே விட வேண்டும். 'சல்லடை' என்ற பட்டப்பெயர்தான் அக்காவுக்குப் பிடிக்காது. "சல்லடைன்னா ஓட்டை இருக்கும். இதுல ஏது ஓட்டை? உள்ள கரைஞ்சு, நெளிஞ்சு நெளிஞ்சு அந்தப் பக்கம் வருது!" என்று லிஃப்ட்டில் மாட்டுகிறவர்களிடமெல்லாம் விளக்குவார். பாவம், அவர்கள் இறங்க வேண்டிய மாடி போய்விடும்.

வீட்டில் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. கணவரும் மாமியாரும் தனித்தனியாக வந்து புகார் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "தனியா வந்தா எல்லாருமே தங்கம். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருங்க. யாரு யாரை இழுக்கிறீங்கன்னு அப்பத்தான் தெரியும்."

போன வாரம் புதுச் சவ்வில் தண்ணீரைத் தனியாகவும் ஸ்பிரிட்டைத் தனியாகவும் விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் தாராளமாக வந்தது. ஸ்பிரிட் அசையவே இல்லை. மேலாளர் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்து, உடனே முதலாளியை வரச்சொல்லிவிட்டார். சவ்வு தேறினால் இந்த அறை பிழைக்கும். தேறாவிட்டால் அறை பெயிண்ட் பிரிவுக்கு, அக்கா வீட்டுக்கு.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டையும் கலந்து விட்டார். தண்ணீர் பட்டதும் சவ்வு ஊறி உப்பியது. அந்தத் தளர்ச்சி போதுமே! தண்ணீரின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிட்டும் நுழைந்துவிட்டது. மறுபக்கம் சேர்ந்ததைக் குப்பியில் பிடித்து முகர்ந்து பார்த்தார் அக்கா. "பாவி, நீ எதுக்குடா வந்த?" என்று அதனிடமே கேட்டார். பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது அவருக்கு.

முதலாளியின் கார் வந்து நின்ற நேரம், மேலாளர் அக்காவின் காதோரம் குனிந்தார். "தனித்தனியா பாத்ததை மட்டும் சொல்லிடுவோம் மேடம். அதுவும் உண்மைதானே?"

"உண்மைதான் சார்" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

முதலாளி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்னம்மா, தண்ணி மட்டும்தான் வருதாமே?"

அக்கா குப்பியின் மூடியைத் திருகிக் கழற்றி, அவர் மூக்கருகே நீட்டினார்.