வேண்டாம் என்று சொன்ன சம்பள உயர்வு

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. பெங்களூரு பொம்மனஹள்ளியில், ஹோசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுகலான சந்தில் எங்கள் ரப்பர் யூனிட் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்குப் போடும் வாஷர், கேஸ்கெட் மாதிரியான சின்னச் சின்ன சாமான்கள் செய்கிறோம். பெரிய ஃபேக்டரி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பிரஸ் மெஷின், வார்த்த ரப்பரின் ஓரத்துப் பிசிறு வெட்டுவதற்கு ஒரு நீள மேஜை, பதினைந்து பேருக்கும் குறைவான ஆட்கள், அவ்வளவுதான். என் கணவர் வெளியே ஓடி ஆர்டர் பிடிப்பார். உள்ளே ஆட்கள், சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் தலையில்.

அந்த வருடம் பட்ஜெட் அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் யாரோ போனில் செய்தி போட்டார்கள். வருமான வரியில் சலுகை, நடுத்தரக் குடும்பங்களுக்கு மகிழ்ச்சி என்று டிவிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். பிரஸ் ஓட்டும் ஒருவர், “நமக்கு எவ்ளோ மேடம் கொறையும்?” என்று கேட்க, நமக்குத்தான் வரியே இல்லையே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் யூனிட்டில் பட்ஜெட் அந்த அளவுக்குத்தான்.

எங்களைத் தொடுவது அதற்கப்புறம் வரும். மாநில அரசு குறைந்தபட்சக் கூலியைத் திருத்தி ஓர் ஆணை போடும். அந்த வருடம் ஏற்றம் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. நானும் என் கணவரும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து யோசித்தோம். எங்களிடம் வாங்கும் மோட்டார் கம்பெனியிடம் அவர் போய் வாஷருக்கு விலை கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். முடியாது, வேறு ஆள் இதைவிடக் குறைவாகத் தரத் தயார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலாவது பிரஸ் வாங்கலாம் என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டோம். “ஏத்தித்தான் ஆகணும். அவங்களும் என்ன பண்ணுவாங்க, இந்த ஊர்ல வாடகை கட்டி?” என்றார் என் கணவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். கைதட்டினார்கள். எத்தனையோ வருடத்தில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. அன்று கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

சாயங்காலம் மெஷினை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்பும்போது அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். அக்கா என்றால் எங்கள் சூப்பர்வைசர். என்னைவிட வயதில் பெரியவர். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும்தான். பிசிறு வெட்டும் வேலைக்கு வந்து, மேஜையில் பல வருடம் உட்கார்ந்து, அப்புறம் சூப்பர்வைசர் ஆனவர். சரக்கைப் பார்த்துச் சரி என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். அந்த வேலை கிடைத்த அன்று ஒரு புதுப் புடவை கட்டி வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஏதாவது அட்வான்ஸ் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. எனக்கு மட்டும் இந்த ஏத்தம் வேணாம்.”

எனக்குப் புரியவில்லை. விளையாடுகிறாரா என்று பார்த்தேன். முகம் அப்படி இல்லை.

“எங்க வூட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடுதில்ல? இ.எஸ்.ஐ. கார்டுலதான ஓடுது. சம்பளம் லிமிட்டு தாண்டுனா கார்டு போயிடும்னு அங்க ஆஸ்பத்திரில ஒருத்தங்க சொன்னாங்க. நீங்க சொன்ன சம்பளம் தாண்டிடுது மேடம். நான் மதியத்துல இருந்து போட்டுப் பாத்துட்டே இருக்கேன்.”

அவர் கணவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். இ.எஸ்.ஐ. அனுப்பி வைக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பழைய ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு கூட்டிப்போய்க் கூட்டி வருவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மாதா மாதம் இ.எஸ்.ஐ. பணம் கட்டுகிற எனக்கு, ஏற்றிய சம்பளத்தையும் அந்த வரம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

எங்கள் கணக்கையெல்லாம் பார்க்கும் கன்சல்டன்டுக்கு அங்கேயே போன் போட்டேன். அக்கா எதிரில்தான் நின்றார். அவர் மட்டும் பழைய சம்பளத்திலேயே இருக்கட்டுமே என்று கேட்டேன்.

“அது நடக்காது மேடம். சூப்பர்வைசர் வேலைக்கு அரசாங்கம் சொன்னதுக்குக் கீழ ஒரு ரூபா குறைஞ்சாலும் கேஸ் உங்க மேல வரும். அவங்களே எழுதிக் குடுத்தாலும் செல்லாது. ஏத்துனீங்கன்னா லிமிட் தாண்டிடும். கட்டின சந்தாவுக்கு இன்னும் சில மாசம் கார்டு ஓடும். அப்புறம் நின்னுடும்.”

வேறு வழியே இல்லையா என்றேன். எதையோ புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அப்புறம், கீழ் வேலைக்கு மாற்றினால் அந்த வேலைக்கான கூலி வரம்புக்குள் இருக்கும், ஆனால் காகிதத்தில் மட்டும் மாற்றக் கூடாது, நிஜமாகவே அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்றார். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் சூப்பர்வைசர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைக் கீழே வைத்தேன். போன் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கிறது.

“மாத்திடுங்க மேடம். மேஜ எனக்குப் புதுசா?” என்றார்.

நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றேன். அந்த வாரத்தில் தெரிந்த கதவையெல்லாம் தட்டினேன். தனியார் இன்ஷூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டால், ஏற்கெனவே கிட்னி போன ஆளுக்கு எந்த கம்பெனியும் பாலிசி தராது என்று பாவமாகச் சொன்னார். பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு நானே அக்காவுடன் போனேன். அங்கே இருந்த நர்ஸ் நல்லவர்தான். ஆனால் மெஷின் கொஞ்சம், ஆட்கள் நிறைய. பேரை எழுதிக்கொள்கிறேன், எப்போது கூப்பிடுவோம் என்று சொல்ல முடியாது என்றார். டயாலிசிஸ் நடக்கிறவருக்கு ‘சொல்ல முடியாது’ என்பது ஒரு பதிலா? செலவை நாமே ஏற்றுக்கொள்ளலாமா என்றுகூட என் கணவரிடம் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களால் முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பஸ்ஸில் திரும்பி வரும்போது சில்க் போர்டு டிராபிக்கில் நின்றோம். அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, “போதும் மேடம், சுத்துனது. எழுதிடுங்க” என்றார்.

எழுதினேன். சம்பளம் ஏற்றிக் கொடுக்க அரசு சொன்ன அதே மாதத்தில், கையில் தொழில் உள்ள ஒரு பெண்ணை வேலையில் கீழே இறக்கி நானே ஒரு கடிதம் அடித்தேன். எல்லோரிடமும் என்ன சொல்வது, உடம்பு முடியவில்லை என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். நிஜத்தையே சொல்லுங்கள் என்றார். பிறகு, நீங்கள் வேண்டாம், நானே சொல்கிறேன் என்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று அவரே சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒருவர், எனக்கும் அந்த லிமிட் வந்துவிடுமா என்று கேட்டார். அதற்கப்புறம் வரிசையாகக் கேட்டார்கள். போன வாரம் கைதட்டியவர்கள்தான்.

சூப்பர்வைசர் இடத்துக்கு அக்காவிடம் வேலை கற்றுக்கொண்ட, கார்டு போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கன்னடப் பெண்ணைப் போட்டேன். அந்தப் பெண் முதல் நாள் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே சரக்குப் பார்த்தாள். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போய், “அக்கா, இது ஓகேயா?” என்று கேட்டாள். அக்கா தலையைத் தூக்காமல் பிசிறை வெட்டிக்கொண்டே, “உன் கண்ணால பாரும்மா. இப்ப நீதான் சொல்லணும்” என்றார்.

அப்படியே ஒன்றரை வருடம் போல ஓடியது. பழக்கம் விட்டுப்போன கை. ஆரம்பத்தில் பிளேடு பட்டு விரலெல்லாம் துணி சுற்றியிருக்கும். அக்கா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அது இல்லை. சில நாள் யாரோடும் பேச மாட்டார். ஒரு முறை ஒரு பெட்டி சரக்கு மோசம் என்று திரும்பி வந்தபோது, நான் இருந்திருந்தால் இது வெளியே போயிருக்காது என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அந்தப் பெண் அழுதாள். மறுநாள் அக்காவே டீ வாங்கி அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் கூலி ஆணை வரும் நேரத்தில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே பயம். மேஜை வேலைக்கும் ஏற்றினால் அதுவும் வரம்பைத் தொட்டுவிடுமா? தொடவில்லை. கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதைச் சொன்னபோது அக்கா பெருமூச்சு விட்டு, “இந்த வருசம் தப்பிச்சோம் மேடம்” என்றார். கூலி அதிகம் ஏறவில்லை என்று ஒரு தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து நிம்மதி அடைந்த கதையை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவர் கணவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. டயாலிசிஸ் ஒரு நாளும் தவறவில்லை, ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. நாங்கள் போனபோது வீட்டு வாசலில் வரிசையாக ஆட்டோக்கள் நின்றிருந்தன. ஸ்டாண்டு ஆட்கள் எல்லாம் அன்று வண்டி ஓட்டாமல் வந்திருந்தார்கள்.

காரியம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, அவருக்கு முன்பே அந்தக் கன்னடப் பெண் என் ரூமுக்கு வந்துவிட்டாள். “மேடம், அக்கா இடத்த அக்காவுக்கே குடுத்துடுங்க. நனகே பேடா மேடம், நான் மேஜைக்குப் போறேன்” என்றாள். எனக்கு வேண்டாம் என்று கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னாள். அவளை இறக்க எனக்கு மனமில்லை. இரண்டாவது முறையும் அப்படி ஒரு கடிதத்தை அடிக்க என் கை வராது. கன்சல்டன்ட், இத்தனை சின்ன யூனிட்டில் இரண்டு சூப்பர்வைசரா என்று தலையில் அடித்துக்கொண்டார். இருக்கட்டும் சார் என்றேன். என் கணவரும் சரி என்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பழைய வேலைக்கே வந்துவிடுங்கள், அதற்குரிய சம்பளம் போடுகிறேன் என்றேன்.

அக்கா அதை எடுத்துப் படித்தார். தொகை எழுதியிருந்த வரியில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

“போட்டுடுங்க மேடம். இனிமே லிமிட்டு தாண்டுனா என்ன, தாண்டாட்டி என்ன?”

கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி என் பக்கம் தள்ளினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மேஜைப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது, யாருக்கோ பிசிறு சரியாக வெட்டவில்லை என்று.

சம்பளம் ஏற்றினால் வாழ்த்துச் சொல்வதுதான் வழக்கம். அன்று எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அதற்கப்புறம் யாருக்கு ஏற்றினாலும், கடிதத்தை நீட்டும் முன், “வீட்ல யாருக்காவது வைத்தியம் ஓடுதா?” என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.