தாடையில் எலும்பு பிடித்த ஆறு மாதம்

படூரில் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். மாமல்லபுரத்தில், நாலடி தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறுகிற மணலில், இன்றுவரை ஒரு விரிசல் விடாத ஓட்டல். படாளத்தில், எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட ஊரிலேயே, எனக்கென்று ஒரு மாடி வீடு. இத்தனையும் கட்டியவன் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். பிளானில் இருக்கும் இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. கோடுகளைப் பார்த்தே எவ்வளவு கம்பி பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். என்னைக் கேட்காமல் எந்த இன்ஜினியரும் கான்கிரீட் போட்டதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு அறுபத்தெட்டு வயதில் இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆட ஆரம்பித்தன.

சாரத்தில் நின்றபடியே போட்ட புகையிலை, வருடக் கணக்கில். ஈறு வீங்கியது, ரத்தம் வந்தது, வாய் நாறியது. வலி மட்டும் இல்லை. அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. படூரில் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. பல்லில் குறையில்லை. சுற்றியிருந்த எலும்புதான் கரைந்து போயிருந்தது.

"அஸ்திவாரத்து மண்ணு அரிச்சிகினு போயிடுச்சி, தூணு அந்தரத்துல நிக்குது. அதானம்மா?" என்றேன்.

"அதேதான் சார். முதல்ல சுத்தம் பண்ணுவோம். அப்புறம் ஈறைத் திறந்து, பள்ளத்துல எலும்புத் தூள் வெச்சி, மேல மெல்லிசா ஒரு சவ்வு போட்டுத் தைச்சிடுவோம். ஆறு மாசத்துல எலும்பு புடிச்சா பல்லு நிக்கும். புடிக்கலன்னா ரெண்டையும் எடுத்துடணும். பழையபடி முழுசா வளரும்னு நான் சொல்ல மாட்டேன்."

எடுப்பதா? என் மச்சான் பல்செட்டை டம்ளரில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர். நண்டு வைத்தால் ஓட்டை உடைத்துத் தரச் சொல்லி என் தங்கையிடம் நீட்டுவார். அந்த நிலைமை எனக்கு வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஊசி போட்டதோடு சரி, பிறகு வலியே தெரியவில்லை. சுரண்டுகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது, பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்ப்பது போல. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்த எலும்புத் தூளையும் பார்த்தேன், வெள்ளை மணல் மாதிரி ஒரு சிட்டிகை. கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு சீட்டுக் கொடுத்தார், தமிழில்தான் இருந்தது. இத்தனை வருடம் வேலை வாங்கியவனுக்குச் சீட்டு எதற்கு என்று சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் தொழில் புத்தி வேலை செய்தது. புதுப் பூச்சு என்றால் காயவிடக் கூடாது. ஏழு நாள் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும், அதற்குப் பெயர் கியூரிங். அதில் ஏமாற்றிய கொத்தனாரை அன்றைக்கே நிறுத்தியவன் நான். உப்புத் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக் கொப்பளித்தேன். அரை மணிக்கு ஒரு தரம். மூன்றாவது தரம் வாஷ்பேசினில் வெள்ளைப் பொடி விழுந்தது.

என் மனைவி ஓடிவந்தாள். "இன்னாயா பண்ணிகினு கீற?"

"கியூரிங்."

"வாயில இன்னா மொட்ட மாடியா போட்டுகினு வந்துகீற? அந்தச் சீட்ட எடு." படித்தாள். "மொத நாளு கொப்பளிக்காத, துப்பாத, ஸ்ட்ரா போட்டு உறியாத. மொத வரியிலயே போட்டுகீது பாரு!"

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம்.

"ரெண்டு மூணு துகள் வர்றது சகஜம் சார். தையல் விடலையே? ரத்தம் கட்டினது கலையாம இருந்தா தப்பிச்சிடும். இப்போ எதுவும் சொல்ல முடியாது, ஆறு மாசம் பார்க்கணும்."

அன்றிலிருந்து நான் வேறு ஆள். புதுத் தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும் வரை மேலே யாரையும் ஏறவிட மாட்டேன் அல்லவா, அப்படித்தான் என் தாடையையும் காத்தேன். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், ஆறிய கஞ்சி. மூன்றாம் நாள் கன்னம் இட்லி போல் உப்பியது, ஐந்தாம் நாள் வடிந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். ஆறு மாதமும் வலது பக்கத்தில் மட்டும் மென்றேன். புகையிலை போட்டால் எலும்புக்கு ரத்தம் போகாது என்றார்கள், விட்டேன். "அண்ணாத்த, ஒரு துளி போட்டுக்கோ, வாய் நமநமன்னு இருக்கும்" என்று சைட்டில் நீட்டினார்கள். தொடவில்லை.

ஆறாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாக இருந்த பள்ளத்தில் பாதிக்கு மேல் வெள்ளை ஏறியிருந்தது. டாக்டரம்மா பல்லைக் கம்பியால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"புடிச்சிடுச்சி சார்!"

"நண்டு?"

"சின்னதாப் பார்த்து ஆரம்பிங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடித்தேன், மச்சான் பார்க்கப் பார்க்க.

அடுத்த தரம் சுத்தம் செய்யப் போனபோது, முன்னறைச் சுவரில் என் இரண்டு எக்ஸ்ரேக்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள், என்னிடம் கேட்டுத்தான். கீழே, 'எங்கள் மருத்துவமனையின் சிகிச்சை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"தூளு உங்களுது, தையலு உங்களுது, ஒத்துக்கறேன்" என்றேன். "ஆறு மாசம் காத்து எலும்ப வளத்தது யாரும்மா?"

"பேஷன்ட் பேரைப் போடக் கூடாது சார்."

"பேரு வேணாம். 'எலும்பை வளர்த்தவர், படாளத்து மேஸ்திரி'ன்னு போடுங்க. பேனா இல்லன்னா நான் தரேன்."