ஈரத்தை மிதித்த நடிகர்

இன்றைக்கு மகளின் பள்ளியில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் ஆங்கிலப் படம் காட்டினார்கள். லண்டனில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற ஓர் அப்பனின் கதை.

எல்லாரும் மூக்கை உறிஞ்ச, நான் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பின்னே? துடைத்த ஈரத்தை மிதித்துக்கொண்டு முன்னால் போகிறார் அந்த நடிகர்! பின்னுக்கு நகர்ந்தல்லோ துடைக்கிறது.

"ஏன் சிரித்தீர்கள்?" என்று ரீச்சர் கேட்டா.

நான் வாய் திறக்கமுதல் மகள் டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், முந்திவிட்டாள்: "அப்பாவுக்கு ஒபிஸிலை வேலை. உதெல்லாம் அவருக்குத் தெரியாது."

பொய்யில்லை. அந்த ஒபிஸின் நாலு மாடியையும் நான்தான் துடைக்கிறேன். தலையாட்டினேன்.

வீடு திரும்பும் எஸ்-பான் ரயிலில் அவளின் கண் இன்னும் சிவந்திருந்தது. "பாவம் அப்பா, அந்த மனுசன்."

"ஓம் பிள்ளை, பாவம்தான்."

நீ அழுதது அந்த மனுசனுக்கு மட்டுந்தானோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.