வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல்

என் கையெழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

புது ஆட்சி வந்த சமயம். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கூலிச் சண்டை. சங்கத்தில் சேர்ந்தவர்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், மிராசுதாரோடு நின்றவர்கள் அந்தப் பக்கம். என் அண்ணன் அந்தப் பக்கம். வாய்க்காலைத் தாண்டுகிறவனைத் தள்ளிவைப்பது என்று இரண்டு தெருவும் கட்டுப்பாடு போட்டிருந்தன. குரல் கொடுக்க மட்டும் தடை இல்லை. தினமும் விடிந்ததும் நான் மடையோரம் நின்று கூப்பிடுவேன், அண்ணன் அங்கிருந்து பதில் குரல் கொடுப்பார். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

அறுவடை நெருங்கியது. மிராசுதார் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார், அடிதடி நடக்கும் என்றார்கள். அண்ணன் அரிவாளோடு வயலில் இறங்கினால் முதல் அடி அவருக்குத்தான் விழும். இந்தப் பக்கம் வந்துவிடச் சொல்ல வேண்டும். ஆனால் ஊரே கேட்கும்படி அதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

ஒரு சாயங்காலம் சங்கத்துப் படிப்பகத்தில் எங்கள் தெருத் தையற்காரர் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தார். வானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கின்றனவாம். அவை நடந்து போகவில்லை, நடுவில் உள்ள வெளிதான் விரிகிறதாம்.

“அப்ப நம்ம வயலும் விரியுமாண்ணே?” என்றான் ஒருவன்.

“விரிஞ்சா மிராசுதார் உனக்கு முன்னாடி பட்டா வாங்கிடுவாருடா. ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கறதை ஈர்ப்பு இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கும், அது விரியாது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுலதான் விரியும்.”

தூரத்துக் கூட்டத்தின் வெளிச்சம் வரும் வழியிலேயே நீண்டு சிவந்துபோகும். நாம் பார்ப்பது அது என்றோ அனுப்பிய வெளிச்சம். ரொம்பத் தள்ளிப்போனது இன்று அனுப்புவது நமக்கு ஒருநாளும் வந்து சேராது என்றும் வாசித்தார். காலையில் கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விடிந்தபோது வாய்க்காலே தெரியாத பனி. கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து, “தம்பீ” என்று வந்தது. அண்ணன் குரல்தான். ஆனால் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

“அடிதடி வரும், இங்க வந்துடுங்கண்ணே” என்று கத்தினேன்.

“தம்பீ.” அதே இழுப்பு. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். நான் சொன்னதற்கு அது பதிலாகவே இல்லை. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

கட்டுப்பாட்டை மறந்து வாய்க்காலில் இறங்கி ஓடினேன். அண்ணன் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“வெட்டு குத்துல நிக்க மாட்டேன்னு நேத்து சாயங்காலமே எல்லாரும் நாகப்பட்டினம் பக்கம் போயிட்டாங்களே. போறப்ப கரையில நின்னு உன்னை மூணு தரம் கூப்பிட்டாருய்யா. நீ எங்க போயிருந்த?”

அந்நேரம் நான் படிப்பகத்தில் இருந்தேன்; பனிக்குள் இன்று எனக்குக் கேட்டதும் மூன்று தரம்தான்.

தாண்டியதற்காக என்னை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். நாகப்பட்டினத்தில் தெருத் தெருவாகக் கேட்டுப் பார்த்தேன். அண்ணனைத் தெரிந்தவர் யாருமில்லை. அன்று காலை நான் கத்திச் சொன்னது என்றைக்காவது, எங்கேயாவது அவர் காதில் விழுந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

எழுதி முடித்தது: தை எட்டு, வியாழக்கிழமை.