காணவில்லை என்று எழுதிய ஜெசிந்தா ரீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை, முதலாம் பாடத்துக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன்னர், ஜெசிந்தா ரீச்சரின் தங்கை றெஜினா தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போட்டா, சேர். விடியத் தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினன். நித்திரையிலேயே போயிருக்கிறா. முகத்தில ஒரு நோவும் இல்லை" என்றார்.

இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரக நோயோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் அவர். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பெருமூச்சு. நோவில்லாமல் போனார் என்பதற்காக மட்டுமல்ல. அவர் காத்திருந்த ஒரு பதில் அவர் கண்மூடுமுன் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்காகவும்.

தண்ணீரூற்றில் எங்கள் பாடசாலையில் அவர் விஞ்ஞானமும் நான் கணிதமும் பதினொரு ஆண்டுகள் கற்பித்தோம். அவர் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்றொழிற் குடும்பம். நான் ஸ்கந்தபுரத்து வயற்காரன். ஆசிரியர் அறையில் எங்கள் கதிரைகள் பக்கம்பக்கமாக இருந்தன. அவர் வந்த முதல் தவணையில், மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவரின் முன்னால் ஒட்சிசன் தயாரித்துக் காட்டினார். தணற்குச்சி பற்றவே இல்லை. "வந்திருக்கவேணும், வரேல்லை. ஏனெண்டு நாளைக்குப் பாப்பம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, குழாய்களைக் கழுவப் போனார். அதிகாரி என்ன எழுதினார் என்று அவர் கேட்கவுமில்லை.

புளூட்டோ மீது அவருக்குத் தனிப்பிரியம். கோள்களின் வரிசையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் ஒரு வரியில் கடந்துபோக, அவர் அதன் ஐந்து நிலவுகளையும் சொல்லிவிட்டுத்தான் விடுவார். "சரோன்தான் பெரிசு. மற்ற நாலும் சின்னன். நிக்ஸின்ர நீளம் மாங்குளத்தில ஏறி முல்லைத்தீவில இறங்கிற பஸ் தூரம்தான், சேர். அதுக்கு மேல முழுக்க ஐஸ்" என்பார்.

அந்த நிக்ஸ் எங்கள் பக்கத்துக்கு மேலாலேயே ஒரு நாள் வந்தது. தூரத்து நட்சத்திரம் ஒன்றின் முன்னால் அது கடக்கும்போது, அதன் நிழல் வன்னியின் குறுக்கே ஓடும் என்றும், நிழலுக்குள் நிற்பவர்களுக்கு நட்சத்திரம் இரண்டு செக்கன் மறையும் என்றும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் கணித்திருந்தார்கள். பார்த்துச் சொல்ல ஆட்கள் தேவைப்பட்டார்கள். கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவர் அனுப்பிய தொலைநோக்கி எங்களிடம் இருந்தது. ரீச்சர் உடனே பெயர் கொடுத்தார். பாடசாலை அதிபர் பத்திரிகைக்காரருக்கே சொல்லிவிட்டார்.

வற்றாப்பளைப் பக்கம் கடனீரேரிக் கரையில், இரவு எட்டு மணிக்கு ரீச்சர் தொலைநோக்கியில் கண் வைத்தார். நான் பக்கத்தில் நின்று செக்கன்களை எண்ணிச் சொன்னேன். நுளம்பு பிடுங்கியது, அவர் அசையவில்லை. குறித்த நேரம் வந்து, போயும் விட்டது.

"மறைஞ்சதோ, ரீச்சர்?"

"இல்லை, சேர்."

சற்று நேரத்தில், வடமேற்கே தொலைவிலிருந்த ஸ்கந்தபுரத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே தொலைநோக்கியோடு நின்ற இருவர், இரண்டு செக்கன் மறைந்ததைத் தெளிவாகக் கண்டிருந்தார்கள். ரீச்சரின் முகம் வாடிப்போயிற்று. "நான் கண்ணை இமைச்சிட்டன் போல" என்றார்.

மறுநாள் அறிக்கை அனுப்பவேண்டும். அதிபர் ஆசிரியர் அறை வாசலில் காத்து நின்றார். நான் தணிந்த குரலில் சொன்னேன்: "மறைஞ்சதெண்டு எழுதுங்கோ, ரீச்சர். அவையள் கண்டதுதானே. ஆர் வந்து பாக்கப்போகினம்?"

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. "தம்பி செத்ததைக் கண்டனெண்டு ஒரு கந்தோரில என்னட்டக் கையெழுத்துக் கேட்டவை, சேர். வைச்சா அலுவல் சுகமா முடியும் எண்டவை. நான் காணேல்லை. அதால வைக்கேல்லை. இதுக்கு மட்டும் எப்பிடி வைக்கிறது?" என்றார். அவருடைய தம்பி போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். பதினொரு ஆண்டுகளில் அவரைப் பற்றி ரீச்சர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"நட்சத்திரம் மறைவதைக் காணவில்லை. இடையில் இருமுறை கண் இமைத்திருக்கலாம்" என்று எழுதி அனுப்பினார்.

அதிபர் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். தொலைநோக்கி அலுமாரிக்குள் போயிற்று. ரீச்சர் மனம் உடைந்துபோனார். நோய் கடுமையான பிறகும், "என்ர கண்ணால பிள்ளையளுக்குக் கிடைக்கவேண்டிய பேர் போச்சு, சேர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் பாடசாலைக்கு அந்த ஆய்வாளர்களின் மின்னஞ்சல் வந்தது. அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலருகே நின்று தமிழில் வாசித்துச் சொன்னேன். "ஓர் இமைப்புக்கு அரைச் செக்கன்கூட ஆகாது. இரண்டு செக்கன் மறைவை அது ஒளிக்காது. நிழல் ஸ்கந்தபுரத்தைத் தொட்டது, வற்றாப்பளையை எட்டவில்லை. அதன் தெற்கு விளிம்பு எங்கே முடிந்தது என்பதை இந்த 'இல்லை'யை வைத்தே தீர்மானித்தோம். ஆமெனச் சொல்லியிருந்தால் எங்கள் கணக்கு முழுவதும் பிழைத்திருக்கும்."

"திரும்ப வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். சேலைன் ஏறாத கையால் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "அப்ப அது அங்கால போட்டுது" என்றார்.

நான் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் எனக்காகத்தானே சொன்னனீங்கள், விடுங்கோ. அந்தக் கதிரையில இருந்துகொண்டு ஒரு தோடம்பழம் உரிச்சுத் தாங்கோ" என்றார். தோடம்பழம் அவருக்குக் கூடாது என்று தாதி சொன்னார். ஒரு சுளையை வாயில் வைத்து, சாற்றை மட்டும் சுவைத்துத் துப்பினார்.

நேற்றுக் கோயிலில் அஞ்சலியுரைக்கு அதிபர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாளை விரித்தவர், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் ரீச்சரை எல்லாருக்கும் முன்னால ஏசினனான். அவா எழுதினதுதான் சரி. அதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும்" என்றார். அத்தோடு போய் அமர்ந்தார்.

ரீச்சருக்காக, அடக்கம் முடியும்வரை கரையில் ஒருவரும் கடலுக்குத் தொழிலுக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்து நான் புறப்படும்போது, ரீச்சரின் அண்ணன்மார் சட்டையைக் கழற்றிவிட்டுப் படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடல் அடங்கிக் கிடந்தது. றெஜினா கரையில் நின்று, இருட்டுமுன் வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டார்.

அமைதியாகப் போய்வாருங்கள், ரீச்சர்.