தேசப்பன் அணைத்த கற்பூரம்

தேசப்பன் எண்ணூர்க் குப்பத்து மீனவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு மார்கழியில், மேகத்தில் மருந்து தூவி மழை வரவழைக்கும் சோதனை எங்கள் கடற்கரையில் நடந்தது. ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனில் மருந்தையும் அதை மேலே சிதறடிக்க ஒரு சிறு வெடியையும் கட்டி மேலே அனுப்புவார்கள். காவலுக்கு அவரை வைத்தார்கள். தீக்காயம் பட்டால் பார்க்க, ஆஸ்பத்திரி நர்ஸான என்னை வைத்தார்கள்.

காவல் என்றால் திருடனுக்கு அல்ல, நெருப்புக்கு. பலூனைச் சுற்றித் தள்ளிக் கயிறு கட்டியிருந்தது. அதைத் தாண்டுகிறவர் பீடி, தீப்பெட்டியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். என்ஜினியர் ரகுபதியின் சிகரெட் டப்பாவும் தப்பாது. கடலையும் அவர்தான் பார்க்க வேண்டும். வெடி யார் தலையிலும் விழக்கூடாது என்பதால், கட்டுமரங்கள் கரை சேர்ந்த பிறகே சிவப்புக் கொடியை இறக்குவார். கொடி இறங்காமல் பலூன் ஏறாது.

முதல் பலூன் விட்ட அன்று குப்பமே கயிற்றோரம் நின்றது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போயிருந்தது. புது வலையோ புதுக் கட்டுமரமோ, கற்பூரம் காட்டாமல் கடலில் இறக்காத ஜனங்கள். பலூனை மட்டும் சும்மா விடுவார்களா? தேசப்பன் கரை சேராத கடைசிக் கட்டுமரத்தைத் தேடிக் கடலைப் பார்த்த நேரம், அவருடைய மாமியார் செல்லம்மா எரியும் கற்பூரத் தட்டோடு கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டார். நான் பலூனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயு சீறி ஏறிக்கொண்டிருந்தது.

தேசப்பன் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"அத்தே, அங்கியே நில்லு."

"மழை வோணுமா வோணாவா மாப்ளே? சாமிக்கே காவல் போட்டுகினியா?" என்று செல்லம்மா இன்னும் ஓர் அடி வைத்தார்.

தட்டைத் தட்டிவிட்டால் கற்பூரம் எரிந்தபடியே உருளும். தேசப்பன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். நெருப்பு அணைந்தது.

"பலூனுக்குள்ள கீறது காஸு அத்தே. பத்திகினா நர்ஸம்மாவும் பூடும், நாமளும் பூடுவோம். கயித்துக்கு அந்தாண்ட போய்க் காட்டு. சாமி அங்கியும் கீறாரு."

திட்ட வாயெடுத்த செல்லம்மா அந்தக் கையைப் பார்த்து அடங்கிவிட்டார். நான் தண்ணீர் ஊற்றி, தோலோடு ஒட்டியதைப் பிய்க்காமல், தளர்வாகக் கட்டுப் போட்டேன். தேசப்பனின் கண் கடலிலேயே இருந்தது. கடைசி மரம் மணலில் ஏறியதும் இடது கையால் கொடியை இறக்கினார். செல்லம்மா தூரப் போய்க் கற்பூரம் காட்டினார். பலூன் ஏறியது.

சாயங்காலம் தூறல் விழுந்தது. பலூனால் வந்ததா, தானாக வந்ததா என்று ரகுபதியால் சொல்ல முடியவில்லை. செல்லம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. கை ஆறும்வரை மருமகனுக்கு மீன் குழம்புச் சோற்றை அவரே பிசைந்து ஊட்டினார், வைதுகொண்டே.

நன்றி என்று சொன்னால் தேசப்பன் எழுந்து போய்விடுவார். அதனால் நான் சொல்லவில்லை. கட்டு மாற்ற அவரை ஆஸ்பத்திரிக்கு அலையவிடாமல், ஒவ்வொரு முறையும் நானே குப்பத்துக்குப் போனேன். விரல்கள் ஐந்தும் நன்றாக மடங்கின. மறு வருஷம் பழையபடி வலை இழுத்தார்.